வெள்ளிக்கிழமைத் தாடி

நின்றுகொண்டே பார்த்தவை – 11

முகத்தில் போட்ட சோப்பு நுரை காய்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. முதலில் காது ஓரத்தில் இழுக்கும். அப்புறம் மீசைக்குப் பக்கத்தில். கொஞ்ச நேரத்தில் யாரோ முகம் முழுக்கக் கோந்து தடவிவிட்ட மாதிரி ஆகிவிடும். வாயைத் திறந்தால் பொடிப்பொடியாக உதிரும்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் பின்பக்கம், யாருடையது என்றே தெரியாத ஒரு பைக்கின் கண்ணாடி முன்னால் நான் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். வலது கையில் ரேசர். இடது கையில் போன். போன் அடித்தால்தான் ரேசரை முகத்தில் வைக்க முடியும். போன் அடிக்கவில்லை.

"என்ன மாப்ள, மறுபடியும் சோப்பு போடுற? இது மூணாவது கோட்டிங்கா?" என்றான் காசி. அவன் அங்கே மல்லிக்கடை வைத்திருக்கிறான். "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவன் கூட ரெண்டோட நிறுத்திருவான்."

பக்கத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் என்னைப் பார்த்தாலே கழுத்து வியர்க்கும். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் நுரை உதிரும்.

ஒன்பதேகால் மணிக்கு நகைக்கடை வாசலில் தாடியில்லாத முகத்தோடு நிற்க வேண்டும். மணி எட்டே முக்கால்.

கன்னத்தைத் தடவும் மனிதர்

இருபது வருஷம் அதே பூ மார்க்கெட்டில் கூடை இறக்கியவன் நான். தோள்பட்டை போன பிறகுதான் செக்யூரிட்டி வேலைக்கு வந்தேன். கூடை சுமந்த காலத்தில் என் தாடியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சலூனில் போய் உட்கார்வேன், தலையைச் சாய்ப்பேன், எழுந்து வருவேன். அதற்கு ஒரு வார்த்தை கூடப் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த நாற்காலி எனக்குப் பிடிக்கும். நாற்பத்தெட்டு வயது வரை என் முகத்தில் நானே கத்தி வைத்தது கிடையாது.

நகைக்கடையில் தினமும் சவரம். மீசை இருக்கலாம், தாடி கூடாது. சூப்பர்வைசர் தங்கவேல் பட்டாளத்தில் இருந்து வந்தவர். காலையில் எங்களை வரிசையாக நிறுத்திக் கட்டைவிரலால் கன்னத்தைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்ப்பார். சொரசொரத்தால் நோட்டில் ஒரு மார்க். மூன்று மார்க் விழுந்தால் கொட்டாம்பட்டியில் ஒரு கிரானைட் கல் குடோனுக்கு ராத்திரி டூட்டி.

எனக்கு ராத்திரி டூட்டி ஆகவே ஆகாது. காரணம் என் மனைவி பாண்டியம்மா.

எங்கள் ஒரே மகன் பிரபு லாரி ஓட்டுகிறான். வடக்கே நாசிக், இந்தூர் என்று போவான். அவன் ரோட்டில் இருக்கும் ராத்திரிகளில் அவள் தூங்க மாட்டாள். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டால் போதும், கொஞ்சம் கண் அசருவாள். அலங்காநல்லூர் பக்கம் வயலை ஒட்டிய தனி வீடு. அவளை அங்கே அந்தப் போனோடு தனியாக விட்டுவிட்டு நான் கொட்டாம்பட்டியில் கல்லுக்குக் காவல் இருக்க முடியாது.

ஆகவே தினமும் சவரம் செய்துதான் ஆக வேண்டும். அதற்கும் குறுக்கே நின்றவள் அவளேதான்.

ஆகாத நாட்கள்

எங்கள் வீட்டில் செவ்வாய் ஆகாது. வெள்ளி ஆகவே ஆகாது. அமாவாசை ஆகாது. பிரபு வீட்டு வாசலைத் தாண்டி வண்டிக்குப் போகிற நாள் ஆகாது. பயணம் போனவன் போய்ச் சேருகிற வரைக்கும் வீட்டில் இருப்பவர்கள் கத்தி எடுக்கக் கூடாது, முடி எடுக்கக் கூடாது.

"அவன் எப்பத்தான் போய்ச் சேருறான்?" என்று ஒருநாள் கேட்டேன். "நாசிக்குல எறக்குறான், அங்கிருந்து வெங்காயத்த ஏத்துறான், வேற ஊருக்குக் கெளம்புறான். அவன் எப்பவுமே கெளம்பிக்கிட்டேதான இருக்கான்?"

"அப்ப நீங்க எப்பவுமே சும்மா இருங்க" என்றாள்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. முன்பொரு வெள்ளிக்கிழமை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சலூனுக்குப் போய்விட்டு வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் மாடு குறுக்கே வந்து பிரபுவின் லாரி ஓசூர் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று போன் வந்தது. காறை எலும்பு முறிவோடு தப்பித்தான். போனை வைத்ததும் பாண்டியம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். என் கன்னம் வழுவழுவென்று இருந்தது. அந்தப் பார்வையோடு ஒப்பிட்டால் திட்டு எவ்வளவோ தேவலை.

எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ரோட்டில் மாடு குறுக்கே வந்ததற்கும் என் தாடிக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அவளிடம் அப்படி விவாதம் செய்கிற வாய் எனக்கு இல்லை. வேலை போய்விடும் என்று கெஞ்சி மற்ற நாட்களுக்கு எப்படியோ சம்மதம் வாங்கிக்கொண்டு, "செவ்வாயும் வெள்ளியும் தாடியோட போனாலும் கடையில விட்டுருவாக" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அந்த இரண்டு நாளும் தாடியோடு பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, பழைய சிநேகிதன் காசி கடைக்குப் பின்னால் குழாயடியில் திருட்டுத்தனமாகச் சவரம் செய்ய ஆரம்பித்தேன்.

அதில் ஒரு சிக்கல். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வெள்ளிக்கிழமை முகமும் வியாழக்கிழமை முகமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். திங்கள், புதன், வியாழன், சனியில் வீட்டிலேயே அரையும் குறையுமாகச் சவரம் செய்துகொள்வது. எல்லா நாளும் ஒரே சொரசொரப்பு. அவளுக்கு வித்தியாசமே தெரியாது.

பாண்டியம்மாவுக்குத் தெரியவில்லைதான். தங்கவேலின் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. என் முதல் மார்க், ஒரு குறையும் சொல்ல முடியாத நல்ல திங்கட்கிழமையில் விழுந்தது. அதற்குப் பிறகு அரைகுறை வேலையை விட்டுவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் இருட்டிய பிறகே வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒரு ரேசர் வாங்குவதற்குள்

முடி வழிக்கிற ஒரு சாமானை வாங்குவதற்கு மனிதனை இந்த உலகம் இவ்வளவு பாடுபடுத்த வேண்டுமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், பெண் பார்க்கப் போனபோது கூட நான் இவ்வளவு தடுமாறவில்லை.

முதலில் பெட்டிக்கடையில் தொங்குகிற, போட்டுவிட்டுத் தூக்கியெறிகிற ரேசர். என் தாடி தென்னந்துடைப்பம் மாதிரி. நாலு இழுப்பில் ரேசர் வாய் நிறைந்துவிடும். உதறினால் போகாது, தட்டினால் போகாது. குழாயடியில் பைப்பைத் திறந்து அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தால், குடம் வைத்திருக்கும் அம்மாக்கள் என்னைப் பார்க்கிற பார்வையை எழுத முடியாது.

அப்புறம் பெரிய கடைக்குப் போனேன். அங்கே ரேசரையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். நான் காவல் காக்கிற கடையில் வைரத்துக்குத்தான் அந்த மரியாதை. சாவியோடு ஒரு பெண் வந்தது.

"ஆயிலி ஸ்கின்னாண்ணே, சென்சிட்டிவ்வா?"

எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். என் தோலைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் காட்டினேன். ஐந்து பிளேடு, ரோஸ் கலர் கைப்பிடி. வெளியே வந்து அட்டையைப் பார்த்தால் ஒரு பெண் காலை நீட்டிக்கொண்டிருக்கிறாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் மறுபடி உள்ளே போய்ப் பேச வேண்டும். பேசுவதற்குப் பதில் இரண்டு வாரம் அதிலேயே சவரம் செய்தேன்.

காசி அதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, அப்படியே கால்லயும் ஒரு இழுப்பு இழுத்துரு" என்றான்.

ஐந்து பிளேடும் ஒன்றன் பின் ஒன்றாக முடியை இழுத்துத் தோலுக்குக் கீழே வெட்டிவிடுகின்றன. வெட்டுப்பட்ட முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு வளர்கிறது. கழுத்து முழுக்கக் கொப்புளம். அதன் மேல் யூனிபார்ம் காலர். வெயிலில் நிற்கும்போது யாரோ மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும்.

என் கழுத்தைப் பார்த்துவிட்டு, மகன் ஒரு பேட்டரி ட்ரிம்மர் வாங்கிக் கொடுத்தான். காயமே ஆகாது. ஆனால் அரிசியளவு முடியை மிச்சம் வைக்கும். தங்கவேலின் கட்டைவிரல் அந்த அரிசியையும் கண்டுபிடிக்கும்.

கடைசியில் எங்கள் சலூன்காரர்தான், தலையைக் குனிய வைத்துப் பிடரியை வழித்துக்கொண்டே சொன்னார்.

"ஒத்த பிளேடு போதும்ணே. பிளேடு மாட்டுற பழைய மாடல் ரேசரு, இரும்புல கனமா ஒண்ணு வாங்குங்க. மரத்த இழைக்கிற மாதிரி அழுத்தாதீக. அதோட கனத்துலயே எறங்கட்டும். முடி எந்தப் பக்கமாப் படுத்திருக்கோ அந்தப் பக்கமாவே போங்க. எதுத்துப் போகாதீக."

வாங்கினேன். இருபது வருஷம் கூடை தூக்கிய கைக்கு அழுத்தாமல் இருப்பது என்றால் என்னவென்று தெரியாது. முதல் நாளே தாடையில் ஒரு கோடு. படிகாரக் கல்லை வைத்துத் தேய்த்தும் நிற்கவில்லை. காலரில் இரத்தத்தோடு நகைக்கடை வாசலில் நிற்கலாமா? இரண்டாவது மார்க்.

ஒரு மாதம் போனபின் கை பழகிவிட்டது. நுரையைப் பிரஷால் நன்றாகக் குழப்பிப் போட்டு, ரேசரைச் சாய்த்துப் பிடித்து, விட்டுவிட வேண்டும். கரகரவென்று மெல்லிய சத்தத்தோடு அதுவே இறங்கும். மல்லிக் கூடைகளுக்கு நடுவே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்துக்கூடப் போனது. அப்படி ஒருநாள்தான் மாட்டினேன்.

பாதி முகம்

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. பிரபு வீட்டுக்கு வந்திருந்து விடிகாலையில் வண்டி எடுக்கக் கிளம்பிப் போயிருந்தான். பிள்ளை போன வாசலைக் கூடப் பெருக்காமல் வைத்திருந்தாள் பாண்டியம்மா. நான் எப்போதும் போலத் தாடியோடு பஸ் ஏறி வந்தேன். வலது கன்னம் முடித்து இடது கன்னத்துக்கு வரும்போது பின்னால் குரல்.

"யப்பா."

லாரி முகப்புக்குப் பூச்சரம் வாங்க வந்திருக்கிறான். இது எனக்கு ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"என்னப்பா இது?"

"சேவ்."

"அது தெரியுது. வெள்ளிக்கெழமையில."

"வெள்ளி மட்டுமில்ல மருமவனே, செவ்வாயும் உண்டு" என்றான் காசி. எடுத்துக் கொடுப்பதற்கென்றே சில பேர் பிறக்கிறார்கள்.

பிரபு சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் நாலு மாநிலம் சுற்றுகிறவன், செல்போனிலேயே ஊர் உலகத்தைப் பார்க்கிறவன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்கும் ரோட்டுல பயம் இருக்குப்பா. மழையில, மலையெறக்கத்துல பிரேக்க மிதிக்கும்போதெல்லாம் இருக்கு. வீட்டுல ரெண்டு பேரும் எனக்காக ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு இருக்கீகன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஓட்டுறேன்." கொஞ்ச நேரம் என் கையிலிருந்த ரேசரைப் பார்த்தான். "இப்ப அம்மா மட்டும்தானா?"

பாதி முகத்தில் நுரையோடு ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? இரண்டு மார்க்கைச் சொன்னேன். கொட்டாம்பட்டியைச் சொன்னேன். அம்மா ராத்திரியில் தனியாக இருக்க வேண்டிவரும் என்பதைச் சொன்னேன். அவனிடம் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் பூச்சரத்தைக் காசியின் தராசில் வைத்தான்.

"இப்படித் திரும்பு. ரேசரக் குடு."

"வேண்டாம்டா."

"பயணம் போறவன் நான். நானே கத்திய எடுத்தா யாருக்கு என்ன ஆகப் போகுது?"

இது எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியாது. டீசல் வாசம் அடிக்கிற விரலால் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, மிச்சம் இருந்த கன்னத்தை வழித்துவிட்டான். என்னைவிட அவனுக்குக் கை லேசு. அன்றைக்குத் தங்கவேல் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தான்யா ஒழுங்காப் பண்ணிருக்க" என்றார்.

போகும்போது பிரபு ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனான். இனி ஆகாத நாளில் எல்லாம் எட்டரைக்குள் அவன் வீடியோ கால் போடுவான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நான் ஆரம்பிக்க வேண்டும். அவன் "ம், பண்ணு" என்று சொன்னால் அது அவனே செய்த மாதிரி. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

ஏற்கெனவே இருந்த சட்டம் போதாது என்று இது ஒன்று. சரியென்று தலையாட்டினேன். நடக்கவும் நடந்தது. தாடியும் தூக்கக் கண்ணுமாக ஏதோ ஒரு டீக்கடையிலிருந்து போனில் வருவான். "மூக்குக்குக் கீழ விட்டுட்டப்பா" என்பான். காசி எட்டிப் பார்த்து, "என்ன மருமவனே, எங்க இருக்க?" என்று அவனையும் வம்புக்கு இழுப்பான். ஏழெட்டு வாரம் ஓடியது.

போன் அடிக்காத காலை

அப்புறம் நான் முதலில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை.

எட்டரை போனது. எட்டே முக்கால் போனது. நான் போட்டுப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் இந்தியில் சொன்னாள். மறுபடி போட்டேன். அதே பெண்.

"வழிச்சு விடு மாப்ள, நேரமாகுது" என்றான் காசி. இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "சார்ஜ் இருந்திருக்காது. நீயென்ன பொம்பளையாட்டம் இதையெல்லாம் நம்பிக்கிட்டு?"

நான் நம்பவில்லை. அதை நூறு தடவை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ரேசரை எடுத்துக் காதுக்குக் கீழே வைத்தேன். பிளேடு தோலில் ஜில்லென்று பட்டது. அழுத்தவே வேண்டாம், விட்டால் இறங்கிவிடும்.

விட முடியவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரேசரைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தேன். காசி என்னைக் கூப்பிட்டுப் பார்த்தான். திரும்பவில்லை.

"சோலை, என்னய்யா இது?" என்றார் தங்கவேல். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, பார்த்தாலே தெரிந்தது. "ஏன்யா, நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்த? காரணம் எதுவும் இருந்தா சொல்லு, பாப்போம்."

காரணம் சொல்லியிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பக்கத்தில் ஐந்து பேர் நின்றார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு மூன்றாவது மார்க்கை எழுதினார். திங்கட்கிழமையிலிருந்து கொட்டாம்பட்டி.

பதினோரு மணிக்கு டீக்கு விட்டபோது போன் வந்தது.

"சார்ஜ் போட மறந்துட்டு அசந்து தூங்கிட்டேம்ப்பா. பண்ணிட்டியா?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே நேரத்தில் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"பண்ணல."

"வேல?"

"இருக்கு" என்றேன்.

எத்தனை வெள்ளிக்கிழமை

சாயங்காலம் எல்லாவற்றையும் பாண்டியம்மாவிடம் சொன்னேன். வேறு வழி இல்லை. கொட்டாம்பட்டியை எதற்குள் ஒளிப்பது? கத்துவாள் என்று கதவுப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன்.

"எத்தன வெள்ளிக்கெழம?" என்றாள்.

"ரொம்ப."

"செவ்வா?"

"அதுவும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அதை அப்படியே வைத்தாள். "அம்புட்டு நாளும் பண்ணுனவருக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"அவன் போன் வரல."

"வரலைன்னா? உங்களுக்குத்தான் இதுல நம்பிக்க இல்லையே."

"இல்ல."

"பின்ன?"

அவள் எழுந்து வந்து வெங்காயக் கையாலேயே என் தாடியைத் தடவினாள். தங்கவேல் தடவுகிற மாதிரி கீழிருந்து மேலாக இல்லை, மேலிருந்து கீழாக.

"நாந்தேன் ஒத்தையாப் பயந்துக்கிட்டுக் கெடக்கேன்னு இருந்தேன்" என்றாள்.

அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தாள். பொய் சொன்னதற்கு, காசி கடைக்குப் பின்னால் நின்றதற்கு, பிள்ளையையும் கூட்டுச் சேர்த்ததற்கு. சோறு போடும்போதும் திட்டினாள். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் குடோன்ல ராவெல்லாம் முழிச்சுத்தான இருக்கணும்?"

"ஆமா."

"நானும் முழிச்சுத்தான் கெடப்பேன். போனப் போடுங்க. பேசிக்கிட்டு இருப்போம்."

"ராத்திரி பூராவா? என்னத்தப் பேசுறது?"

"எதையாவது பேசுங்க" என்றாள் எரிச்சலோடு. "கட்டுன நாள்ல இருந்து என்னத்தப் பேசிட்டீக?"

எதையாவது பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறாள். திங்கட்கிழமை சாயங்காலம் கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவளிடம் பேச என்னென்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் தோன்றவில்லை. மேலூர் தாண்டிய பிறகுதான், அந்த ரோஸ் கலர் ரேசரைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ரேசரையும் எங்கே வாங்கினேன், வீட்டில் எங்கெங்கே ஒளித்து வைத்தேன் என்று விவரமாகச் சொன்னால் ஒரு ராத்திரி ஓடிவிடும். அதற்கு அவள் திட்டுவதில் இன்னொரு ராத்திரி.